யாருக்கும் தடையில்லாத நூற்றுப் பதின்மூன்று கோப்புகள்

சொர்ணம் பயந்த சுபாவக்காரி. பி.எஸ்ஸி. தேர்வு முடிவு வந்த அன்று பேப்பரில் தன் எண்ணைப் பார்த்த பிறகும், பக்கத்து வீட்டுப் பேப்பரை வாங்கி இன்னொரு தரம் பார்த்தவள். திருவேற்காட்டில் வயல்கள் மனைகளான பிறகு, அவள் அப்பா கன்னியப்பன் ஏரை விட்டுவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். "ஊட்டைப் பூட்டிட்டு எத்தினி வாட்டி இஸ்துப் பாப்பே? பூட்டு இன்னா ஓடியா பூடும்?" என்று மகளைக் கிண்டல் செய்வார்.

1997-இல் அவளுக்கு இருபத்து நாலு வயது. எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் ரகுநாதன் என்பவர் நடத்திய சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு வால்வு தொழிற்சாலை. அங்கே எல்லா ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் ஒரே சர்வரோடு இணைந்திருந்தன. வரைபடம், ஸ்டோர்ஸ் இருப்பு, ஆட்களின் சொந்த விவரம் எல்லாம் அதற்குள்தான். எந்தக் கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அனுமதிப் பட்டியல் வைக்க வேண்டும். ஒன்பதாயிரம் கோப்புக்குக் கையால் வைக்க முடியுமா? அதற்கான புரோகிராமைத்தான் சொர்ணம் எழுதினாள்.

அதற்காக அங்கே ஆட்களின் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீஸில் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தாள். பிரிவுகளின் பெயரையெல்லாம் எடுத்துக் கொடுத்தவர் அங்கிருந்த கிளார்க் வேம்புலி. "மெய்யாலுமே இந்தப் பொட்டிக்கு நாம யாருன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே டீ வாங்கித் தருவார்.

திங்கட்கிழமை தொழிற்சாலை சர்வரில் புரோகிராமை ஓட்டினாள். புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டுத் திரும்பிய ரகுநாதனின் முகம் வெளுத்திருந்தது.

"வி.ஆர்.எஸ்.ல, அதான் விருப்ப ஓய்வுன்னு சொல்லி, அனுப்பப் போற நாப்பத்திரண்டு பேரோட லிஸ்ட்டை யாரோ கேன்டீன் செவுத்துல ஒட்டிட்டாங்களாம். யூனியனுக்கே இன்னும் சொல்லாத லிஸ்ட். டைம் ஆபீஸ் பிரிண்டர்ல எடுத்திருக்கு. வேம்புலின்னு ஒருத்தரைப் பிடிச்சு வெச்சிருக்காங்க. ஆபீசரோட பாஸ்வேர்டைத் திருடிட்டார்னு மூணு மணிக்கு விசாரணை. நம்ம புரோகிராம் சரியாத்தானே இருக்கு?"

"இருக்கு சார்" என்றாள் சொர்ணம்.

இடத்துக்கு வந்து புரோகிராமையும், திங்கட்கிழமை சர்வரிலிருந்து பிளாப்பியில் எடுத்து வந்த பதிவையும் திறந்தாள். வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள். பதினோரு மணிக்கு அது அகப்பட்டது. ஆட்கள் விவகாரம் பார்க்கும் பெர்சனல் பிரிவின் பெயரைச் சர்வரில் யாரோ ஓர் எழுத்தை விட்டுப் பதிந்திருந்தார்கள். அவள் எழுதியிருந்த பெயரைத் தேடிய புரோகிராமுக்கு அப்படி ஒரு பிரிவே கிடைக்கவில்லை. அதனால் அந்தக் கோப்புகளுக்குப் பட்டியலே போடாமல் நகர்ந்துவிட்டது. பட்டியல் இல்லையென்றால் ஒருத்தரையும் உள்ளே விடாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சர்வரின் கைப்புத்தகத்தைப் புரட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. பட்டியல் இருந்து அதில் பெயர் எதுவும் இல்லாவிட்டால்தான் யாருக்கும் அனுமதி கிடையாது. பட்டியலே இல்லாவிட்டால் யார் வந்தாலும் விட்டுவிடும்.

எண்ணிப் பார்த்தாள். நூற்றுப் பதின்மூன்று கோப்புகள்; அந்த நாற்பத்திரண்டு பேர் லிஸ்ட்டும் அவற்றில் ஒன்று. திங்கட்கிழமையிலிருந்து அவற்றை யார் வேண்டுமானாலும் திறந்திருக்கலாம். அவளும் சோதிக்காமல் இல்லை. ஐம்பது கோப்பைத் திறந்து பார்த்திருந்தாள். ஆனால் திறக்க வேண்டியவருக்குத் திறக்கிறதா என்றுதான் பார்த்தாள். திறக்கக் கூடாதவருக்குத் திறக்கிறதா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எழுந்து போய் ரகுநாதனிடம் சொன்னாள்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "சத்தமில்லாம போய்ச் சரி பண்ணிட்டு வந்துடு. பிரிண்ட் எடுத்தது அந்த ஆள்தானே?" என்றார்.

"எடுத்தது அவராவே இருக்கட்டும் சார். ஆனா எதையும் திருடல."

"எட்டுப் பேர் இந்த வேலையை நம்பி இருக்கோம், சொர்ணம்."

அவள் இடத்துக்குத் திரும்பினாள். கொண்டுவந்த சோற்றைத் திறக்கவும் மனம் வரவில்லை. இரண்டரை மணிக்குக் கிளம்பினாள். லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள். வேலை போய்விட்டால் வீட்டில் என்ன சொல்வது? இனி எவன் வேலை தருவான்? திரும்பிவிடலாமா என்று தெருமுனையில் நின்றாள். நின்றவள் மறுபடி நடந்தாள். அங்கே போய்ச் சேர்ந்தும் புரோகிராமை அவள் தொடவில்லை. சரி செய்துவிட்டால், கோப்புகள் திறந்து கிடந்ததற்குச் சாட்சி அழிந்துவிடும்.

விசாரணை அறையில் நிர்வாக மேலாளர் ராஜசேகரன் உட்கார்ந்திருந்தார். எதிரே வேம்புலி நின்றுகொண்டிருந்தார்.

"தொறந்துச்சு சார், பாத்தேன். என் மச்சான் செங்கல்வராயன் பேரு கீது. கூட டிபன் துன்றவன் பேரெல்லாம் கீது. எப்டி சார் கம்முனு இருக்கிறது? அதான் எடுத்து ஒட்டினேன். ஆனா பாஸ்வேர்டு கீஸ்வேர்டுல்லாம் எனுக்குத் தெரியாது."

"தானா திறந்துச்சா? கதை விடறீங்களா?"

"சார்," என்றாள் வாசலில் நின்ற சொர்ணம். விழாமல் இருக்கக் கதவைப் பிடித்துக்கொண்டாள். "அவர் சொல்றது நிஜம். தப்பு என்னோடது."

ராஜசேகரன் நம்பவில்லை. ஸ்டோர்ஸிலிருந்து யாராவது ஒருவரைக் கூப்பிடச் சொன்னாள். கோதண்டம் என்கிறவர் வந்து தன் பெயரில், தன் பாஸ்வேர்டில் நுழைந்தார். அவள் சொன்ன கோப்பைத் திறந்தார். நாற்பத்திரண்டு பெயரும் திரையில் வந்து நின்றன. ராஜசேகரன் எழுந்து வந்து திரையைக் குனிந்து பார்த்தார்.

திருட்டுக் குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். லிஸ்ட்டைச் சுவரில் ஒட்டியதற்காக வேம்புலிக்கு ஒரு மெமோவும் மூன்று நாள் சஸ்பென்ஷனும் கிடைத்தன. அவர் வேலை தப்பியது. சொர்ணம் அன்று சாயங்காலமே அங்கே உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தினாள். பிரிவின் பெயர் கிடைக்காவிட்டால் அங்கேயே நின்று கேட்கும்படி மாற்றினாள். வேம்புலி வெளியே போகும்போது அவள் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றார். "ஒடம்பு இந்த ஆட்டம் ஆடுது. அப்பவும் வந்து சொன்னே பாரு" என்றார்.

வால்வு தொழிற்சாலை அடுத்த கட்ட வேலையை ரகுநாதனுக்குக் கொடுக்கவில்லை. அவர் சொர்ணத்தை வேலையைவிட்டு நீக்கவில்லை. ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவுமில்லை. யூனியன் மல்லுக்கட்டியதில் நாற்பத்திரண்டு பேர் முப்பத்தொன்றாகக் குறைந்தார்கள்.

அடுத்த வருஷம் பூந்தமல்லி பஸ்ஸில் ஒருவர் அவளை உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"கம்ப்யூட்டர் பொண்ணுதானே நீ? நான் வேம்புலி மச்சான். அந்த முப்பத்தொண்ணுல நானும் ஒர்த்தன்."

"மன்னிச்சுக்குங்க" என்றாள்.

"இன்னாத்துக்கு? மொதல்லியே தெரிஞ்சதால ஆவடில ஒரு எடத்துல வேலைக்கு சொல்லி வெச்சேன். சும்மா குந்திகினு இல்ல."

அவர் கரையான்சாவடியில் இறங்கிப் போனார். தன் தப்பினால் நல்லது நடந்ததா, கெட்டது நடந்ததா என்று சொர்ணத்துக்குக் கடைசிவரை விளங்கவில்லை.