கத்தாத மெஷின்

என் கையெழுத்து கோணல், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு படிப்பு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டியில் லாரிச் சக்கர போல்ட்டுகளைச் சோதிப்பது என் வேலை. மின்சாரம் ஓடும் கம்பிச்சுருளுக்குள் போல்ட்டை விட்டால், கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்கும் மெஷின் கத்தும். தினமும் முதலில், வேண்டுமென்றே கீறி வைத்த ஒரு மாதிரி போல்ட்டை விட்டு, கத்துகிறதா என்று பார்க்க வேண்டும். அன்று கம்பெனி பஸ் தாமதம். அவசரத்தில் பார்க்கவில்லை.

மதியம் வரை ஒரு சத்தமும் இல்லை.

"இன்னாண்ணா, உன் மெஷினும் உன்ன மாதிரியே வாயத் தொறக்காது போலக்குதே!" என்று லோடுமேன் சிரித்தார்.

அந்த போல்ட்டுகளை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பிய பிறகுதான் உறைத்தது. மாதிரி போல்ட்டை விட்டேன். மெஷின் கத்தவில்லை. சுருளின் ஒயர் கழன்றிருந்தது.

லாரி இன்னும் ஆந்திர எல்லை எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டியிருக்காது; போன் போட்டால் திருப்பிவிடலாம். சூப்பர்வைசர் அறை வாசலில் போய் நின்றேன்.

"இன்னாண்ணா, எதுனா சொல்லணுமா?"

"ஒயர் லூசாக்கீது சார்."

"டைட் பண்ணிக்கோ."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். லாரியில் போன சரக்கைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

மூன்று வாரமாக, ரோட்டில் எந்த லாரி போனாலும் சக்கரத்தைத்தான் பார்க்கிறேன். நாளை காலை, மெஷினைத் தொடுவதற்கு முன், இந்தத் தாளை சூப்பர்வைசர் மேஜையில் வைத்துவிடுவேன்.

ஐப்பசி ஏழு, ஞாயிற்றுக்கிழமை.