அப்பாவின் சீட்டி நின்ற இடம்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. சேலியமேட்டிலும் வில்லியனூரிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இருந்து வந்து, அப்பாவின் படத்தை வணங்கி, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் மூத்த மகளின் வணக்கம். நினைவு மலரில் நல்லதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்பாவைப் பற்றி நல்லதை மட்டும்தான் எழுதப் போகிறேன். மற்றவர்களைப் பற்றி அப்படி யாருக்கும் நான் வாக்குக் கொடுக்கவில்லை.

அப்பா பிறந்தது சேலியமேட்டில், நெல்லும் கரும்பும் பயிரிட்ட குடும்பத்தில். அவர் மூத்தவர். அவருக்குப் பின் பிறந்தவர் எங்கள் சித்தப்பா. அப்பாவின் சிறுவயதிலேயே பாட்டனார் காலமாகிவிட, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த தாய்மாமன் ஒருவர் அப்பாவைச் சைகோனுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் அப்பா தொழில் கற்றார். தம்பி ஊரில் இருந்து நிலத்தையும் தன் படிப்பையும் பார்த்துக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் சித்தப்பாதான். அதை அவர் சொல்லாத மேடை இல்லை என்பதால் நான் விரிவாக எழுதவில்லை.

அறுபதுகளில் சைகோன் முழுக்க அமெரிக்கச் சிப்பாய்கள். அவர்கள் கூடி ஆடும் ஒரு கொட்டகையில் ஆம்பிளிபயர் கெட்டுப்போக, அப்பா சரிசெய்யப் போயிருக்கிறார். அங்கே மேடையில் ஒரு மேசை மாதிரி நான்கு காலில் நின்றதாம் அந்த வாத்தியம். மேலே கம்பிகள், கீழே மிதிகட்டைகள். ஒரு சிப்பாய் அதன் முன்னால் உட்கார்ந்து, கம்பியின்மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு, காலால் மிதித்து மிதித்து வாசித்தான். பெடல் ஸ்டீல் கித்தார் என்று பெயர். பழுது பார்த்த ஆம்பிளிபயரைச் சோதிக்க அவனே ஓர் இசைத்தட்டையும் போட்டான். அவர்கள் நாட்டுப்புறத்துப் பாட்டு, ஒரு பெண் பாடியது. நடுவில் அவள் குரல் நின்றதும் அதே கித்தார் தனியாக எழுந்ததாம். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பாடியவள் யார், பாட்டு என்ன, எதுவும் தெரியாது. ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன் என்று எங்களிடம் வெட்கப்படாமல் சொல்வார்.

சண்டை முற்றியதும் ஊர் திரும்பினார். அம்மாவைக் கைப்பிடித்தார். மைக் செட் வைத்தார். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, சாவு, எதுவானாலும் அப்பாவின் ஒலிபெருக்கிக் குழாய்தான். குழாயை மரத்தில் கட்டும்போதும் ஒயர் இழுக்கும்போதும் அந்தப் பாட்டைச் சீட்டியடிப்பார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த மெட்டு மனப்பாடம். ஆனால் பெண் குரல் நிற்கும் இடம் வந்ததும் சீட்டியும் நின்றுவிடும்.

“அப்புறம் இன்னாப்பா வரும்?” என்று கேட்போம்.

“அதான்மா அந்தக் கித்தாரு. அது வாயால வராது. ரெகார்டு கெடைக்கட்டும், கேப்பீங்க.”

அந்த ரெகார்டைத்தான் அப்பா தேடினார். புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேடினார். ஊரைக் காலி செய்துகொண்டு போகும் வெள்ளைக்காரர் வீடுகளில் தேடினார். மைக் செட்டுக்குச் சாமான் வாங்க மதராஸ் போகும்போதெல்லாம் மூர் மார்க்கெட்டில் குந்திக்கொண்டு பழைய தட்டுகளைப் புரட்டினார். அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது. அதனால் படத்தைப் பார்ப்பார். பின்னட்டைப் படத்தில் ஓர் ஆள் மேசை மாதிரி எதன் முன்னாலோ உட்கார்ந்திருந்தால் வாங்கிவிடுவார். ஒருமுறை அது உண்மையாகவே மேசை. அந்தத் தட்டில் ஒருவர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார், அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

ஹவாயன் கித்தாரில் சினிமாப் பாட்டு வாசித்த தட்டுகளும் நிறைய வந்து சேர்ந்தன. அப்பா கொஞ்ச நேரம் கேட்பார், உதட்டைப் பிதுக்குவார். “இழுக்குது. ஆனா மிதிக்கல” என்று எடுத்துவிடுவார். ஒரு கம்பி அசையாமல் நிற்க, பக்கத்துக் கம்பி மட்டும் காலடிக்கு ஏறி அதோடு சேர வேண்டும், அதுதான் அடையாளம் என்பார். அப்படி மிதிக்கிற தட்டுகள் மெல்ல மெல்லச் சேர்ந்து ஒரு டிரங்குப் பெட்டி நிறைந்தது. தேடிய பாட்டு மட்டும் அதில் இல்லை.

இப்போது சித்தப்பா. அபிஷேகப்பாக்கத்துத் திருவிழாவில் ஒருமுறை சித்தப்பா பேசினார். கரும்பு விவசாயிக்காக உயிரையே கொடுப்பேன் என்று முடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்துப் பேசுபவர் வரும்வரை குழாய் சும்மா இருக்கக் கூடாது என்று அப்பா கைக்கு வந்த கித்தார் தட்டைப் போட்டார். அது ‘ஊ’ என்று இழுத்துக்கொண்டு ஆரம்பித்தது. கூட்டத்தில் ஒருவர், “இவுரு உயிரக் குடுக்கறன்னதுமே குழாயி அழுவுது பாருடா!” என்று கத்த, திருவிழாவே சிரித்தது. அப்பா வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் இன்னும் நல்ல தட்டாகப் போட்டிருப்பார். சித்தப்பாவின் முகம் அன்று கறுத்தது பிறகு வெளுக்கவே இல்லை.

கடைசியில் பாட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் வில்லியனூரில் துணிக்கடை வைத்திருக்கும் பாய். சைகோனில் கடை வைத்திருந்த அவர் உறவினர் ஊரோடு வந்து சேர்ந்தபோது கொண்டுவந்த பெட்டியில் தட்டுகள் இருந்தன. பாய் அப்பாவின் சீட்டியைக் கேட்டுக் கேட்டுக் காது பழகியவர். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஒன்றை மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சேலியமேட்டுக்கே வந்துவிட்டார்.

“ண்ணா, இது உன் சீட்டிதான் பாரு.”

அப்பா போட்டார். பெண் குரல் வந்தது. எங்களுக்கெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. அதே மெட்டு! குரல் நிற்கப் போகிற இடத்துக்குச் சற்று முன்னால் அப்பா ஊசியைத் தூக்கிவிட்டார்.

“இன்னாப்பா, இன்னாத்துக்கு நிறுத்துன?” என்று நான் அலறினேன்.

“ஊசி தேஞ்சு போயிருக்குதும்மா. இதோட ஓட்டுனா கீறிப்புடும். மதராசுக்குச் சொல்லி உட்டிருக்கறேன், புது ஊசி வரட்டும். இத்தினி வருசம் பசியோட இருந்துட்டு நின்னுக்கினே அள்ளித் திங்கறதா? உக்காந்து, எல போட்டுச் சாப்புடுவோம்.”

சொல்லிவிட்டு, தட்டை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அபிஷேகப்பாக்கம் திருவிழாவுக்குக் குழாய் கட்டப் போய்விட்டார். 

அந்தச் சமயம் சித்தப்பாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பழைய இசைத்தட்டைக் கொதிநீரில் முக்கி, இளகியதும் விளிம்பைப் பூப்போல மடித்துக் கிண்ணம் செய்வது அப்போது டவுனில் நாகரிகம். நடு ஓட்டையை மெழுகால் அடைத்துவிட்டால் கல்கண்டு வைக்கலாம், பூ வைக்கலாம், சீர்வரிசைக்கு எடுப்பாக இருக்கும். அப்பா ஊரில் இல்லாதபோது சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். பாகம் பிரிக்காத வீடு, அவர் வர யாரைக் கேட்க வேண்டும்? அம்மா வயலில் இருந்தார், நாங்கள் பள்ளிக்கூடத்தில். பெட்டி காலியானது.

தெரியாமல் எடுத்தேன், எல்லாம் வீண் தட்டு என்று நினைத்தேன் என்று பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார். சரி. அதே அறையில் பக்கத்து அலமாரியில் சினிமாப் பாட்டுத் தட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் தேய்ந்து கரகரத்தவை. அதில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. பூட்டியிருந்த பெட்டியைத் திறந்து கித்தார் தட்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்தார். தெரியாதவர் கை இவ்வளவு சரியாகவா பொறுக்கும்? கல்லூரி வரை படித்தவர், நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் கல்யாணத்துக்கு அப்பாதான் மைக் செட். பெட்டி காலியானதை அவர் அதுவரை பார்க்கவில்லை, திருவிழாவிலிருந்து நேராகக் கல்யாணப் பந்தலுக்கு வந்திருந்தார். சீர்வரிசை வந்தது. பெண்கள் வரிசையாகத் தட்டு ஏந்தி வந்தார்கள். பழம், பாக்கு, புடவை, அப்புறம் கறுப்புக் கிண்ணங்கள். பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்து நின்றார். இறங்கி வந்து, ஒரு பெண் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, கல்கண்டைச் சிந்தாமல் பக்கத்துத் தட்டில் கொட்டினார். அடியில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தார். பாய் கொண்டுவந்த தட்டு அது.

அப்பா மேசைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். தாலி கட்டும்வரை, பந்தி முடியும்வரை, ஒரு பாட்டுக்கும் தடங்கலில்லாமல் போட்டார். கல்யாணப் பெண் என்ன பாவம் செய்தாள்! கடைசிக் குழாயை அவிழ்த்து வண்டியில் ஏற்றிய பிறகுதான் சித்தப்பாவைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

“இன்னாண்ணா, ஒரு ஒடஞ்ச தட்டுக்கா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்கற?” என்று சித்தப்பா சிரித்தார்.

“டேய், நீ எனக்குத் தம்பி. ஒன்ன அடிக்க மாட்டேன், ஏச மாட்டேன். ஆனா எனக்குக் கேக்க வேண்டியத நீ கேக்காம பண்ணிட்ட. இனிமே என் குழாய்ல உன் கொரலு வராது.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் அப்பா. சுற்றுவட்டாரத் திருவிழாக்களுக்கெல்லாம் அவர் செட்தான், கோயிலுக்கு வாடகை வாங்காதவர் என்பதால் யாரும் அவரை மாற்றவில்லை. சித்தப்பா மேடை ஏறி, தொண்டையைக் கனைத்து, “பெரியோர்களே!” என்பார். அதோடு சரி. ஆம்பிளிபயர் அணைந்திருக்கும். அப்பா எதிர்க்கடையில் நிதானமாக டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். சித்தப்பா கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார், முன்வரிசைக்குக்கூடக் கேட்காது. அவர் இறங்கியதும் குழாய் மறுபடி பாடும். ஊரில் பலர் அதைப் பார்க்கவே திருவிழாவுக்கு வந்தார்கள். சித்தப்பா கடலூரிலிருந்து வேறு செட் வரவழைத்தும் பார்த்தார், அது விழா பாதியில் புகைந்து நின்றது. அதற்கும் அப்பாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, சாமி சத்தியமாக.

புது ஊசி கல்யாணம் முடிந்த பிறகு மதராசிலிருந்து வந்து சேர்ந்தது. அப்பா அதன் சின்ன டப்பாவைத் திறக்கவே இல்லை. படுத்த படுக்கையான கடைசி நாட்களில் ஒருமுறை அந்த மெட்டைச் சீட்டியடிக்கப் பார்த்தார். மூச்சு ஒத்துழைக்கவில்லை. நான் அடித்தேன். குரல் நிற்கும் இடத்தில் நானும் நின்றேன். எனக்கு அதற்கு மேல் தெரியாதே! அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுக்கப்புறந்தாம்மா...” என்றார். அவர் சட்டைப் பையில் அந்த ஊசி டப்பாவை வைத்துத்தான் சுடுகாட்டுக்கு அனுப்பினோம்.

இதையெல்லாம் நான் எழுதாமலே விட்டிருப்பேன். பதினாறாம் நாள் இரங்கல் கூட்டத்தில் யாரோ கொண்டுவந்த செட்டில் சித்தப்பா மைக்கைப் பிடித்தார். “எங்கண்ணனுக்குப் பாட்டுன்னா உயிரு. அவுரு கேட்ட ரெகார்டையெல்லாம் தேடித் தேடிக் குடுத்தவன் நான்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழாய் எங்களுடையதாக இருந்திருந்தால் அணைத்திருப்பேன். பிறகு இந்த மலருக்கு, அரைப்பக்கத்தில் போட வேண்டும் என்று தன் படத்தையும் கொடுத்தனுப்பினார்.

அம்மா சொன்னார்: “உட்டுத் தொலடி. செத்தவரு வரப்போறாரா?”

“அவுரு வரமாட்டாரும்மா. அதுக்குன்னு இவுரு பொய்யும் நிக்கக் கூடாது” என்றேன். அந்த அரைப்பக்கத்தில்தான் நீங்கள் இப்போது இதைப் படிக்கிறீர்கள். இடம் போதாமல் பக்கத்துப் பக்கங்களையும் எடுத்துக்கொண்டேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அப்பாவின் நோயில் கண் துஞ்சாமல் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு நன்றி. பாட்டைத் தேடிக் கொடுத்ததோடு, அப்பா படுத்த பிறகும் அதே தட்டு இன்னொன்று கிடைக்குமா என்று கப்பல்காரர்களிடமெல்லாம் கேட்டு அலைந்த வில்லியனூர் பாய்க்கு எங்கள் குடும்பம் எந்நாளும் கடமைப்பட்டது. உறுவையாற்றிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பாடை தூக்கிய உறவினர்களுக்கும், அன்று ஊருக்கே சமைத்துப் போட்ட அண்டை வீட்டாருக்கும் நன்றி.

கடைசியாகச் சித்தப்பாவுக்கு. காலையில் அப்பாவின் படத்துக்கு முன்னால் விபூதி வைத்திருந்த கறுப்புக் கிண்ணத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். விளிம்பு பூப்போல மடிந்தது, அடியில் காகிதம் ஒட்டியது. அப்பா அன்று கல்கண்டைக் கொட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த கிண்ணம் அதுதான். தம்பி முறை என்று சொல்லி வரிசையில் முதல் ஆளாகச் சித்தப்பாவைத்தான் நிறுத்தியிருப்பேன், இதை அச்சுக்குக் கொடுக்கும்போதே முடிவு செய்தது. அவரும் அதில் விரலை வைத்து எடுத்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டிருப்பார். சித்தப்பா, இதைப் படித்துவிட்டு நீங்கள் அதைத் துடைத்தால் பந்தலில் எல்லோரும் பார்ப்பார்கள். துடைக்காவிட்டாலும் பார்ப்பார்கள்.