பேய்வீட்டில் வசந்தி

லண்டனில் இருக்கிற அக்காவின் மகள் நேற்று வட்ஸ்அப்பில் ஒரு பேய்வீடு அனுப்பியிருந்தாள். "சித்தி, உள்ளுக்குப் போய்ப் பாருங்கோ" என்று கீழே ஒரு வரி. கோப்பாயில் முற்றத்தில் வெங்காயத்தைக் காயப்போட்டுவிட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு போனில் அந்த விளையாட்டைத் திறந்தேன். கதவைத் தொட்டால் திறக்கிறது. படிகள் கிறீச்சிடுகின்றன. சுவர்ப் படத்தில் இருக்கிற கிழவி கண்ணை உருட்டுகிறாள். பட்டப்பகலில், வெங்காய நெடிக்குள் நின்று பேய்க்குப் பயப்படுவது கொஞ்சம் கஷ்டமான வேலைதான். ஆனாலும் இரண்டாவது கதவோடு போனை வைத்துவிட்டேன். வசந்தியின் நினைவு வந்துவிட்டது.

சமாதான காலம் என்று நாங்கள் சொல்கிற அந்தச் சில வருடங்களில் உடுவிலில் ஒரு நெற்கபேயில் வேலை செய்தேன். வசந்தியும் அங்கேதான். சூடேறிய கொம்பியூட்டர்களின் தூசு மணத்தோடு பக்கத்து பேக்கரியின் பாண் மணமும் கலந்து வரும். இன்றைக்கும் சூடான பாணை மணந்தால் எனக்குப் பசிப்பதில்லை. இன்ரநெற் லைன் கிடைக்குமோ என்ற பதற்றம்தான் வருகிறது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளோடு கதைக்க வருகிற தாய்மார், உடுப்பைச் சரிசெய்துகொண்டு ஸ்கிரீனுக்கு முன்னால் போட்டோ எடுக்கிற மாதிரி நிமிர்ந்து இருப்பார்கள். மத்தியானத்தில் அவர்களும் வரமாட்டார்கள்.

அப்படி ஒரு மத்தியானம்தான் வசந்தி இன்ரநெற்றில் எங்கேயோ தேடி ஒரு பேய்வீட்டைக் கண்டுபிடித்தாள். லைன் மெதுவென்பதால் ஒவ்வொரு அறையும் மேலிருந்து கீழாக மெல்ல மெல்லத்தான் தெரியவரும். அதுவே எனக்குப் போதும். எலும்புக்கூடு முழுதாக வருவதற்கு முதலே நான் கத்திவிடுவேன். அவள் அசையமாட்டாள். ஒவ்வொரு அறையாகப் போவாள். வெளியே வரும்போது கதவைச் சாத்திவிட்டு வருவாள். நாலைந்து நாள் அதுவே வேலை.

"என்னடி தேடுறாய்?" என்றேன்.

"உந்த வீட்டிலை குசினி எங்கையெண்டு பாக்கிறன்."

"பேய்க்கு என்னத்துக்குக் குசினி?"

"பேயாக முன்னம் சமைச்சுத்தானே சாப்பிட்டிருப்பினம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வசந்தியின் சொந்த ஊர் வடக்கே, பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருந்தது. ஆமிக்காரர் ஒருவரையும் உள்ளே விடமாட்டார்கள். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அங்கிருந்து ஓடி வந்தவர்கள். வரும் வழியிலேயே தாய் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். தகப்பனும் மகளுமாக உடுவிலில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து இருந்தார்கள்.

"எனக்குக் குசினி மட்டும்தான் ஞாபகம்," என்றாள். "அம்மா குந்தியிருந்து தேங்காய் துருவினவா. மற்ற அறையள் ஒண்டும் வருகுதில்லை. வாசல் எந்தப் பக்கமெண்டுகூடத் தெரியேல்லை. அப்பாட்டைக் கேட்டால் எழும்பிப் போயிடுவார்."

பிறகு ஒரு லீவு நாளில் இரண்டு பேரும் சைக்கிளில் அந்த வலயத்துத் தடை வரைக்கும் போனோம். காவலுக்கு நின்ற ஆமிக்காரன் எங்கள் வயதுப் பொடியன். கோபப்படவில்லை, தலையை மட்டும் ஆட்டினான். முள்ளுக்கம்பிக்கு அங்கால் பனைகள்தான் தெரிந்தன.

"எந்தப் பக்கத்தைப் பாக்கிறதெண்டும் தெரியேல்லையடி," என்றாள் வசந்தி.

அடுத்த வருடம் அவளுக்குக் கிளிநொச்சியில் கலியாணம் சரிவந்தது. "பொங்கலுக்கு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். பொங்கலுக்கு முன்னம் கிளிநொச்சிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். பிறகு சண்டை. எல்லாம் முடிந்து முகாம்களிலிருந்து சனம் வரத் தொடங்கியபோது, அவளுடைய அப்பா போட்டோவோடு ஒவ்வொருவரிடமும் போனார். இன்ன இடத்தில் கண்டோம் என்றவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு கண்டோம் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

நெற்கபேயையும் மூடிவிட்டார்கள். கனகாலத்துக்குப் பிறகு ஒருநாள் வசந்தியின் அப்பா என் வீட்டுப் படலையில் வந்து நின்றார்.

"பிள்ளை, ஆமிக்காரர் எங்கடை காணியை விட்டிட்டினம். ஒருக்காப் போய்ப் பாக்கோணும். தனியப் போக ஏலாமல் கிடக்கு."

போனோம். சுவர் என்று ஒன்றும் இல்லை. அத்திவாரத்தையும் கிண்டி எடுத்திருந்தார்கள். பற்றைக்குள் தேடிக் கிணற்றைக் கண்டுபிடித்தார். கிணற்றுக் கட்டில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அங்கிருந்து நடக்கத் தொடங்கினார்.

"இது விறாந்தை. இது சாமியறை. அங்காலை குசினி. இதிலைதான் சின்னனிலை வசந்தியை நித்திரைக்குக் கிடத்துறது."

மகள் கேட்டபோதெல்லாம் எழும்பிப் போன மனுசன், அன்றைக்கு நிற்காமல் கதைத்தார். அவரைப் பிடித்து நிழலில் இருத்துவோம் என்று நேராக நடந்தேன்.

"அதிலை சுவர் பிள்ளை," என்றார். "வாசலாலை வா."

நான் சுற்றிக்கொண்டு வாசலால் போனேன்.

அந்த மாரிமழைக் காலத்துக்குள் அவரும் இறந்துபோய்விட்டார். காணியை வாங்கியவர்கள் மாடிவீடு கட்டியிருக்கிறார்கள், நல்ல சனம். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். அவர்களுடைய வாசல் ரோட்டுப் பக்கம். பழைய வீட்டின் வாசல் கிணற்றைப் பார்த்தபடி இருந்தது. அதைச் சொல்ல இப்போது என்னை விட்டால் வேறு ஆளில்லை. நானோ அந்த வீட்டை ஒருநாளும் கண்டதில்லை.