ஐந்தரை வரை அழாத வீடு

ஓவசியர் ஐயா அந்தச் சனிக்கிழமை சாகக்கூடாது என்று நான் ஒரு கிழமையாக மன்றாடினேன். அவர் பிழைத்து எழும்பவேண்டும் என்றல்ல. ஞாயிற்றுக்கிழமை செத்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை. இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

அப்போது நான் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் செயலாளர். அச்சுவேலிப் பக்கத்துச் சின்ன ஊர். காலையில் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பேன். பின்னேரம் நிலையத்துக்கு வந்து, கரம் போட்டில் தூவ மா இல்லை, இன்றையப் பேப்பரை யாரோ வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான் என்ற முறைப்பாடுகளைக் கேட்பேன். நிலையம் என்றால் ஒரு வாசிப்பறை, ஒரு கரம் மேசை, பின்னால் வலை கட்டிய ஒரு கரப்பந்து மைதானம். மைதானம் முழுக்கப் பெடியன்களுக்கு. பெண்பிள்ளைகள் மதிலோரமாக ரியூசனுக்கு நடந்து போகலாம், அவ்வளவுதான். அதை மாற்றுவதற்காகத்தான் செயலாளர் பதவியை எடுத்தேன். வேறு ஒருவரும் அந்தத் தலையிடிக்கு முன்வரவில்லை என்பதும் உண்மை.

கிழமையில் மூன்று பின்னேரம் மைதானம் பெண்பிள்ளைகளுக்கு வேண்டும் என்று இரண்டு வருடமாக நிர்வாகக்குழுவில் சண்டை பிடித்தேன். கடைசியில் தலைவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"ரீச்சர், பெட்டையள் நாலு நாள் வந்து சிரிச்சுப்போட்டுப் போயிடுவினம். மாதக் கூட்டத்துக்கு முதல் வெளி ஊர் அணியோடை ஒரு மச் வைச்சுக் காட்டுங்கோ. பிறகு நான் வாய் திறக்கேல்லை. இல்லாட்டி உந்தக் கதையை இதோடை விடுவம்."

கரவெட்டியில் இருந்து ஒரு பெண்கள் அணி வரச் சம்மதித்தது. அடுத்த கிழமை அவர்களுக்கும் எங்களுக்கும் பரீட்சை தொடங்குகிறது. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் கூட்டத்துக்கு முதல் இருந்தது அந்த ஒரே ஒரு சனிக்கிழமை.

ஓவசியர் ஐயா படுக்கையில் விழுந்தது இதற்குள்தான்.

ஊரில் ஒரு சாவு விழுந்தால் நிலையத்தில் கறுப்புக்கொடி ஏறும். சவம் எடுக்கும் வரைக்கும் விளையாட்டு இல்லை, ஒலிபெருக்கி இல்லை, கரம் காய் கூடச் சுண்டக்கூடாது. பழைய வழக்கம், இடையில் கொஞ்சம் தளர்ந்து போயிருந்தது. ஒரு செத்தவீட்டன்று பெடியன்கள் கிரிக்கெட் அடித்துக்கொண்டு நிற்க, நான் போய் விக்கெற்றைப் பிடுங்கி எறிந்து, வழக்கத்தைத் தீர்மானமாக நிறைவேற்றினேன். அதைக் கூட்டக் கொப்பியில் எழுதியதும் என் கைதான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். ஓவசியர் ஐயாவின் வீடோ மைதானத்தை ஒட்டி, மதிலுக்கு அந்தப் பக்கம். மகன்மார் இரண்டு பேரும் கனடாவில். அவர்கள் வந்துசேரச் சவம் நாலைந்து நாள் கிடக்கும்.

நிலையத்துக்கும், றோட்டு வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற அவருக்கும் ஆகாது. மதிலைத் தாண்டி அவரது கத்தரிக்கன்றுகளுக்குள் விழுந்த பந்து எதுவும் திரும்பி வந்ததில்லை. கேட்கப்போன பெடியன்களை நாயை அவிழ்த்துவிட்டுக் கலைத்தவர். அந்த மனிதருக்கு நான் காலமை காலமை சூப்புக் கொண்டுபோனேன். கட்டிலடியில் நின்று நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பேன். ரீச்சருக்கு என்ன மனசு என்று ஊர் சொன்னது. மனசு என்னவென்று எனக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை இரண்டரை மணி. கரவெட்டிப் பிள்ளைகள் வந்து இறங்கி, வாசிப்பறையில் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டு நின்றேன். மதிலுக்கு மேலால் ஓவசியர் ஐயாவின் மனைவியின் முகம் தெரிந்தது. அவவை நாங்கள் அன்ரி என்போம். கையைக் காட்டிக் கூப்பிட்டா.

போனேன். ஐயா கண்மூடிக் கிடந்தார். நெஞ்சு ஏறவில்லை. அன்ரி அவரது தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தா. கட்டிலுக்குக் கீழே ஒரு உரப்பையில் இத்தனை வருடத்துப் பந்துகளும் கிடந்தன.

அன்ரி நிமிர்ந்து பார்த்தா. அந்த நேரத்தில் வாய்க்கு வரவேண்டியது எத்தனையோ இருக்கிறது. கட்டிப்பிடிக்கலாம், ஐயோ என்னலாம். என் வாயில் வந்தது இது:

"ஆருக்கும் சொன்னனீங்களோ அன்ரி?"

அவ என்னைப் பார்த்தா. பிறகு மதில் பக்கம் பார்த்தா. அந்தப் பக்கத்தில் எங்கள் பிள்ளைகள் பந்தடித்துப் பழகும் சத்தம்.

"இல்லைப் பிள்ளை. எத்தினை மணிக்கு முடியும்?"

"அஞ்சரைக்கு முடிஞ்சிடும்."

"சரி. நீர் போம். நான் கதவைச் சாத்திப்போட்டு இருக்கிறன்."

எங்கள் ஊரில் சாவை அறிவிப்பது அழுகைதான். வாசலில் ஒரு பெண் குரலெடுத்து அழுதால் நாலு ஒழுங்கைச் சனமும் ஓடிவரும். மற்றப் பக்கத்து வீடு வெளிநாட்டுக்காரர் பூட்டிவிட்டுப் போனது. அன்ரி அழாவிட்டால் ஒருவருக்கும் தெரியவராது. நான் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

மூன்றரைக்குத் தொடங்கியது. அப்படியொரு சனம் மைதானத்தில் நான் கண்டதில்லை. தாய்மார் பிளாஸ்ரிக் கதிரைகளோடு வந்திருந்தார்கள். பெடியன்கள் நக்கலடிக்க வந்து, முதல் செற் பாதியில் நக்கலை மறந்து எங்கள் பிள்ளைகளுக்காகக் கத்தினார்கள். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. மதிலுக்கு மேலால் தெரிந்த அந்த மூடிய யன்னலைப் பார்த்தேன். முகத்தில் மொய்க்கும் இலையான் ஓட்டக்கூட ஆளில்லாமல் ஒரு மனுசி பிரேதத்தோடு தனிய இருக்கிறா, அவவின் காதுக்குள் நாங்கள் கைதட்டுகிறோம். நிப்பாட்டு, நிப்பாட்டு என்று ஒரு மனம் சொன்னது. இன்னும் ஒரு செற்தானே என்றது மற்றது.

முதல் செற் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில் பத்துக்குப் பத்து. எங்கள் கப்டன் பிள்ளை ஓங்கி அடித்தாள். பந்து எதிர்ப்பக்கத்துக் கையில் பட்டுக் கிளம்பி, மதிலைத் தாண்டி அந்த வளவுக்குள் விழுந்தது.

சனம் ஓ என்றது. கடைசியில் நின்ற பிள்ளை அந்த வீட்டுப் படலைக் கதவை நோக்கி ஓடினாள்.

கதவைத் தட்டப்போகிறாள். "நில்லடி!" என்று கத்தினேன், சனத்தின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. அவள் படலைக்குக் கிட்டப் போகமுதல் மதிலுக்கு மேலால் ஒரு பந்து வந்து மைதானத்தில் விழுந்தது. கைதட்டல் வானத்தைப் பிளந்தது.

"ஓவசியர் பந்து தந்திட்டாரடா! கிழவன் திருந்திட்டுது!"

பிள்ளை பந்தை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அது எங்கள் புதுப் பந்தே இல்லை. காற்றுப்போன பழைய பந்து. யாரும் உள்ளே வந்துவிடக்கூடாது என்ற அவதியில் அன்ரி கட்டிலுக்குக் கீழே கையை விட்டு, அகப்பட்டதை எடுத்து எறிந்திருக்கிறா. எனக்கு மட்டும் அது விளங்கியது. சிரித்த சனத்துக்கு நடுவில் நின்று நானும் பல்லைக் காட்டினேன்.

கரவெட்டிப் பிள்ளைகள் கொண்டுவந்த பந்தால் ஆட்டம் தொடர்ந்து, பதின்மூன்றுக்குப் பதினைந்து என்று தோற்றோம். பெட்டையள் தோற்றும் துள்ளினார்கள். தலைவர் வந்து, "ரீச்சர், பின்னேரம் உங்களுக்குத்தான், எழுதிக்கொள்ளுங்கோ" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, மதிலுக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தது. அன்ரியின் குரல் எழும்பியது. அப்படியொரு அழுகையை நான் கேட்டதில்லை. மூன்று மணித்தியாலத்தையும் சேர்த்து அழுதா. முதலில் ஓடிப்போய் அவவைக் கட்டிப்பிடித்தது, வியர்வையோடு நின்ற எங்கள் பிள்ளைகள்தான்.

தலைவர் கறுப்புக்கொடியை ஏற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். "நல்ல மனுசன் ரீச்சர். மச் முடியுமட்டும் உயிரைப் பிடிச்சுக்கொண்டு கிடந்திருக்கிறார்."

நான் ஓம் என்றேன்.

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியைக்குப் போனேன். ஐயாவின் நினைவாக அடித்த கல்வெட்டுப் புத்தகத்தை எல்லோருக்கும் கொடுத்தார்கள். அதில் அவர் செத்த திதியை வைத்து ஒரு வெண்பா, சப்தமி என்று. நாங்கள் தலைமுறையாகச் சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரர். செத்தவரைத் தேதியில் நினைப்போம், திதி பார்ப்பதில்லை. என் பக்கத்தில் இருந்த பெண்தான் சொன்னா: திவசத்தை வருடாவருடம் அந்தத் திதியில்தான் கொடுக்கவேண்டும், மாறினால் படைப்பது போய்ச் சேராது என்று. சோற்றை இலையில் விட்டுவிட்டு எழும்பினேன். நிலையத்துக்கு ஓடிப்போய்ச் சுவரில் தொங்கிய கலண்டரைப் புரட்டினேன். அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்குக் கொஞ்சம் முதல் வரைக்கும் சஷ்டி. அதற்குப் பிறகுதான் சப்தமி. மகன்மாருக்கும் ஐயருக்கும் அன்ரி சொன்ன நேரம் ஐந்தரை. நான் அவவிடம் மூன்று மணித்தியாலம் கேட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு வருடம் அவவின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. பெண்பிள்ளைகளின் பின்னேரங்கள் நடந்தன. பந்து மதிலைத் தாண்டினால் திரும்பி வந்தது.

அடுத்த வருடம் ஒரு பின்னேரம், பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்க, மதிலுக்கு மேலால் அன்ரி கையைக் காட்டினா. போனேன். ஐயாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. இலையில் சோறும் கத்தரிக்காய்க் கறியும் படைத்திருந்தா. பக்கத்தில் எனக்கும் ஓர் இலை.

"நாளைக்கு ஐயர் வாறார். மகன்மாரும் ஃபோனிலை பாப்பினம்" என்றா. "இண்டைக்குத்தான் அவர் போன நாள். அது எனக்கும் உமக்கும்தானே தெரியும். தனியப் படைக்க மனம் வரேல்லை. இரும், சாப்பிடும்."

இருந்தேன். ஒரு வாய் எடுத்து வைத்தேன். "அன்ரி, அண்டைக்கு நான் உங்களிட்டை முதல் கேட்டது..." என்று தொடங்கினேன். அதற்கு மேல் முடியவில்லை. செத்தவீட்டில் வராத அழுகை வந்தது. வாய்விட்டு, கட்டுப்படுத்த முடியாமல் அழுதேன்.

அன்ரி எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினா. வந்து என் முதுகில் கையை வைத்தா.

"மெதுவாப் பிள்ளை," என்றா. "பிள்ளையள் விளையாடுகினம்."