நல்லம்மாவின் காணாமல்போன வீக்கம்

மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் மகேந்திரராசாவுக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. குண்டசாலையில் பக்கத்து வீட்டுக்காரர் தொப்பி போட்டுக்கொண்டு வந்தால் அவரிடம் புதிதாக அறிமுகமாகிக்கொள்வார். ஆனால் ஒருவருடைய மூளை நாளங்களின் படத்தைப் பார்த்துவிட்டால் மறக்கமாட்டார்.

கண்டியில் அவர் பதினான்கு வருடமாகச் செய்யும் ஆராய்ச்சியும் அந்தப் படங்களைப் பற்றியதுதான். சிலருக்கு மூளைக்குப் போகும் இரத்த நாளத்தில், சைக்கிள் டியூப்பில் விழும் புடைப்பைப் போல ஒரு சிறு வீக்கம் இருக்கும். பெரிதானால் வெடிக்கலாம். சிறியதாக இருக்கும்போதே மண்டையைத் திறந்து கிளிப் போடத்தான் வேண்டுமா, அல்லது பிரஷரைக் கட்டுப்படுத்தி, அவ்வப்போது படம் எடுத்துப் பார்த்தால் போதுமா? போதும் என்பது அவர் கட்சி.

"வெட்டப் படிச்ச மனுசன், வெட்டத் தேவையில்லை எண்டு காட்ட இவ்வளவு வருசமா மினைக்கெடுறார்" என்று அவர் மனைவி கமலாசனி விருந்தாளிகளிடம் சொல்லுவார்.

நான் அவருடைய ஆராய்ச்சி உதவியாளர். நோயாளிகளுக்கு ஸ்கேன் தேதி எடுத்துக் கொடுப்பது என் வேலை. அது லேசில் கிடைக்காது. கிடைத்த தேதியை யாரும் தவறவிடுவதுமில்லை.

இந்த வருடம் கம்பளையிலிருந்து வரும் நோயாளி நல்லம்மாவின் ஐந்தாம் வருடப் படம் வந்தது. வீக்கத்தைக் காணவில்லை. டொக்டர் கைக்குட்டையால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் இல்லை. இப்படித் தானாக மறைவது மிக அபூர்வம். அன்றைக்கே கிளினிக்கில், படம் எடுத்துவிட்டுக் காத்திருந்த அந்த அம்மாவைக் கதிரையில் இருத்தி, "உங்கட வீக்கம் மறைஞ்சு போச்சு. இனி நீங்கள் வரத் தேவையில்லை" என்றார்.

"ரொம்ப சந்தோசமுங்க ஐயா" என்று கும்பிட்டுவிட்டு அவர் போனார். அன்றைக்கு டொக்டர் செலவில் வார்டு முழுவதும் பற்றிஸ் பலகாரம் சாப்பிட்டது. கொழும்பு மாநாட்டுக்கு டொக்டர் இதைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பினார், ஏற்றுக்கொண்டார்கள். கமலாசனி புது டை வாங்கினார்.

மாநாட்டுக்கு முந்திய வாரம், பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்னிடம் உரையைப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார். மூளையின் அடியில் நாளங்கள் வளையம் போலச் சேரும். அந்த வளையம் ஆளுக்கு ஆள் மாறும். பழைய படத்தில் இடது பின்பக்கத்து இணைப்பு நாளம் இல்லவே இல்லை. புதிய படத்தில் கொழுகொழுவென்று இருந்தது.

"வீக்கம் மறையலாம், பிள்ளை. ஒரு நாளம் முளைச்சு வருமோ?" என்றார். "நல்லம்மாவுக்குப் போன் போடும்."

போட்டேன். அன்றைக்குப் படம் எடுக்க நீங்கள் வரவில்லையா என்று டொக்டர் கேட்டார். ஸ்பீக்கரில் நல்லம்மாவின் குரல் உற்சாகமாக வந்தது.

"ஆமாங்க ஐயா, அன்னைக்கு மகன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். நான் இல்லாம எப்படிங்க? தேதி வீணாப் போயிடுமேன்னு தங்கச்சி கலாராணிய அனுப்பிவச்சேன்."

"என்ன? தங்கச்சியையோ?"

"நீங்கதானுங்களே சொன்னீங்க, இது குடும்பத்துல வர்ற சாமான்னு! ஒரே வயித்துல பொறந்தவங்க. அவளுக்கும் தலைவலி இருக்குங்க."

டொக்டர் கண்ணை மூடிக்கொண்டார். "பிரஷர் குளிசை போடுறீங்களோ?"

"எதுக்குங்க? அதான் மறைஞ்சிருச்சுன்னீங்களாமே. அன்னைக்கே நிப்பாட்டிட்டேன்."

அவருக்கு மாநாடு மறந்துபோனது. இன்றைக்கே குளிசையைப் போடச் சொன்னார், நாளைக்கே வரச் சொன்னார். பிறகு ஸ்கேன் பகுதிக்குத் தானே நடந்து போய், இதுவரை யாரிடமும் கெஞ்சாத மனுசன் கெஞ்சி ஓர் இடம் பிடித்தார். திரும்பி வந்து மாநாட்டுக்காரர்களை அழைத்து, "என்ர நோயாளியின்ர வீக்கம் மறையேல்லை. நான் அவவின்ர தங்கச்சியைப் படம் எடுத்துப்போட்டன்" என்றார். அந்தப் பக்கத்தில் யாரோ சிரிப்பது எனக்கே கேட்டது.

மறுநாள் அக்கா, தங்கை இருவரும் ஒரே நிறச் சேலையில் வந்திறங்கினார்கள். டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தப் பயனுமில்லை. நான்தான் அடையாள அட்டையைப் பார்த்து நல்லம்மாவை உள்ளே அனுப்பினேன்.

படம் திரையில் வந்தபோது அவர் முதலில் வளையத்தைப் பார்த்தார்: இடது பின்பக்கத்து நாளம் இல்லை. ஆள் சரி. பிறகு வீக்கத்தை அளந்தார். ஒருமுறை, இன்னொருமுறை. ஐந்து வருடத்துக்கு முன் இருந்த அளவுதான்.

"வளரேல்லை" என்றார், பரீட்சை பாஸான பிள்ளையைப் போல.

நல்லம்மாவோடு வெளியே வந்தால், கலாராணி முறைப்பாட்டோடு காத்திருந்தார். "எனக்கு மறைஞ்சிருச்சுன்னீங்களே, ஐயா. கோயில்ல தேங்காயெல்லாம் ஒடச்சுட்டோமே?"

"உங்களுக்கு அது இருக்கவே இல்லை, அம்மா. அதுக்கு உடைச்சதெண்டு வச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் குளிசையைப் போடுங்கோ, நல்லம்மா. ஒரு நாளும் விடக்கூடாது."

நல்லம்மா யோசித்தார். "அடுத்த தேதியில எங்க வீட்டுல ஏதும் விசேசம் வந்துச்சுன்னா?"

"எனக்குச் சொல்லுங்கோ, தேதியை மாத்தித் தாறன்" என்றார் டொக்டர். "நீங்கள் ஆளை மாத்தாதேங்கோ."