நேரா ஏறினா அது விமானமே இல்லையாம்

கம்ப்யூட்டர்ல ஓட்டுற விமான விளையாட்டுக்கு மூணு மாசமா ஒரு குட்டி விமானம் செஞ்சிட்டிருக்கேன், தெரியுமில்ல?

இன்னைக்கு மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வர்ற பஸ்ல, அது பறக்குற வீடியோவைப் பெருமையா பார்த்துட்டு வந்தேன். பக்கத்து சீட்டுப் பொண்ணு எட்டிப் பார்த்து, "ஏனுங்க, நிசத்துல இப்படிப் பறக்காதுங்களே"ன்னுச்சு.

வீடியோவை நிறுத்திட்டு, ஏன்னு கேட்டேன்.

லீவுக்கு வீட்டுக்கு வர்ற பைலட்டாம். "முழு வேகம் கொடுத்து ஏறுறப்போ மூக்கு இடது பக்கம் இழுக்கோணுங்க. வலது பெடலை மிதிச்சுத்தான் நேராக்கோணும். உங்களுது தண்டவாளத்துல போற மாதிரி போகுதுங்க."

எவ்வளவு மிதிக்கணும்னு கேட்டேன். பஸ் தரையிலயே மிதிச்சுக் காட்டுச்சு. நானும் மிதிச்சேன். கொண்டை ஊசி வளைவுல ரெண்டு பேரும் மிதிக்கிறதைப் பார்த்த கண்டக்டர், "பயப்படாதீங்க, பிரேக் டிரைவர்கிட்டயே இருக்குதுங்க"ன்னார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டாம விமானத்தோட கணக்கை மாத்தி, விளையாட்டுல கேத்தி பள்ளத்தாக்குக்கு மேல கிளப்பினேன்.

மூக்கு இழுத்துச்சு! மேசைக்கடியில வெச்சிருக்குற பெடலைக் கால் தேடுறதுக்குள்ள இடது இறக்கை சாய்ஞ்சு கோஸ் தோட்டத்துல விழுந்துட்டேன். ஆறு தடவை. ஆறு தடவையும் கைதட்டினேன்.

மனைவி சுதா ஓடி வந்தா. "விழுந்ததுக்கா இந்தச் சிரிப்பு?"

"நிசமாவே விழுந்துட்டேன், சுதா!"

ஏழாவது தடவை வலது பெடலை மிதிச்சு ஏறிட்டேன்.

விமானத்தை நெட்ல எல்லாருக்கும் கொடுத்துட்டேன், ஓட்டிப் பாருங்க. விழுந்தவங்க கோஸ் தோட்டத்துலயா கேரட் தோட்டத்துலயான்னு மட்டும் கீழ கமெண்ட்ல சொல்லிட்டுப் போங்க.