மூன்று நாள் ஒருசந்தி

என் அண்ணி மரிய புஷ்பத்தை மூன்று ஊர்களில் மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். மூவரும் பார்த்த நாளில் அவளுக்கு வலி இல்லை. அந்தப் பாவத்தில் பாதி என்னுடையது. மீதிப் பாதியை டாக்டர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

அண்ணி வரதராசன்பேட்டைக்காரி. முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய்த்தான் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தாள். என் அண்ணன் பிலவேந்திரன், ஏலாக்குறிச்சிப் பக்கம் சாமியார் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நான் அமலோற்பவமேரி. கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கே திரும்பியவள். திரும்பிய நாளிலிருந்து அந்த வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். அண்ணி அதற்கு ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நாலு பிள்ளை பெற்றாள். ஒவ்வொரு பிரசவத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாளே தவிர, பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் வருஷம், ஈஸ்டர் என்கிற பாஸ்கா திருநாள் மத்தியானம் தரையில் விழுந்து உருண்டாள். பன்றிக்கறியும் சோறும் சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வலது விலாவுக்குக் கீழே பிடித்தது, முதுகு வழியாகத் தோள்பட்டை வரை ஏறியது. மஞ்சளாக வாந்தி எடுத்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். மூன்று மணி நேரம் அந்தப் பாடு. அப்புறம் எழுந்து, விருந்துப் பாத்திரங்களைக் கழுவ உட்கார்ந்துவிட்டாள்.

"வாய்வுதான் அண்ணி. பூண்டு தட்டிப் போட்டுக் கஷாயம் வெச்சுத் தரேன்" என்றேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு!

அதற்குப் பிறகு அந்த வலி வந்துகொண்டே இருந்தது. கல்யாண வீடு, கிறிஸ்மஸ், ஞானஸ்நான விருந்து என்று எங்கே போய்க் கை நனைத்தாலும் வீட்டுக்கு வந்து உருளுவாள். அடுத்த வருஷம் அரியலூரில் ஒரு டாக்டரிடம் காட்டுவது என்று அண்ணன் முடிவு செய்தான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சை, கோர்ட், ஆஸ்பத்திரி, எதற்குப் போவதானாலும் போகிறவர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு மூன்று நாள் ஒருசந்தி இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. அதுவும் உப்புப் போட்ட கஞ்சி. எண்ணெய், மீன், கறி எதுவும் கூடாது. இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கண்காணித்தவள் நான்தான்.

மூன்று நாள் கஞ்சி குடித்துவிட்டு அண்ணி அரியலூர் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இப்ப இல்லீங்க."

"அப்ப எப்ப வலிக்கும்?"

"வரும்போது வலிக்குங்க."

அவர் சிரித்துவிட்டார். காகிதத்தில் அளவு வெட்டி ஒட்டிய பாட்டிலில் ரோஸ் கலர் மிக்சர் கொடுத்தார். அப்புறம் அவளை விட்டுவிட்டு அண்ணனிடம், "வாத்தியாரே, வெறும் வாய்வு. வீட்டு வேலையைக் கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். வலி யாருக்கு, பதில் யாருக்கு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் உள்ளூர, நான் சொன்னதைத்தானே இவரும் சொல்கிறார் என்று ஒரு திருப்தி. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பாட்டில் தீர்ந்தது, வலி தீரவில்லை. நாற்பத்தைந்தில் பெரம்பலூருக்குப் போனோம். அப்போதும் மூன்று நாள் ஒருசந்தி, அப்போதும் டாக்டர் அமுக்கிய இடத்தில் வலி இல்லை. அவர் அண்ணனிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே, "ஹிஸ்டீரியாவாம். மனசுல இருக்கிற கொறை ஒடம்புல வலியா வருதாம்" என்றான்.

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கு என்ன கொறை? அவருகிட்ட நான் சொன்னேனா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தச் சொல் என் மனதில் விஷமாக இறங்கியது. மறு வருஷம் பாஸ்காவுக்கு முன்னால், வீட்டில் யாரும் கறி தொடாத தவக்காலம் நாற்பது நாளும் அவளைக் கவனித்துப் பார்த்தேன். ஒரு நாள்கூட வலி வரவில்லை. பாஸ்கா அன்று விருந்து முடிந்து, எச்சில் இலை எடுக்கிற நேரத்தில் வந்தது. நான் வாசலில் நின்றுகொண்டு, "நாப்பது நாளும் நல்லா இருந்துச்சு. வேலைன்னு வந்ததும் வலி வந்துருது பாருங்க. ரொம்பப் புத்திசாலி வலிதான்" என்றேன்.

அவள் தரையில் சுருண்டு கிடந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அமலோற்பம், நீயுமாடி?" என்றாள்.

இன்றைக்கும் அந்தக் குரல் காதில் கேட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நாற்பத்தேழில் வலி வாரம் தவறாமல் வந்தது. ஆள் பாதியாக இளைத்துப்போனாள். திருச்சிக்குக் கொண்டுபோவது என்று அண்ணன் லீவு போட்டான். புறப்பட நாலு நாள் இருக்கும்போது அண்ணி அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தடவ ஒருசந்தி வேணாம்டி. நான் யோசிச்சுப் பாத்துட்டேன். கஞ்சி குடிச்சா எனக்கு வலிக்கிறதில்ல. கறி, எண்ணெ சாப்பிட்டாத்தான் வருது. வலியோட போனாத்தான் அவுங்க நம்புவாங்க."

"மாதாவுக்கு நேந்ததை மீறிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறதா? வாயைக் கழுவுங்க அண்ணி!" என்று கத்தினேன்.

அவள் வாயைக் கழுவவில்லை, மூடிக்கொண்டாள். மூன்று நாளும் கஞ்சியை மட்டும் குடித்தாள்.

திருச்சி டாக்டர் வயதானவர், பொறுமைசாலி. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார், அதில் எதுவும் தெரியவில்லை. கடைசியில் என்னிடம், "இவங்க என்னம்மா சாப்பிடுறாங்க?" என்று கேட்டார்.

"மூணு நாளா கஞ்சிதாங்க. ஒருசந்தி" என்றேன் பெருமையாக.

"முன்னே டாக்டருங்ககிட்ட போனப்ப?"

"எப்பவும் ஒருசந்தி இருந்துட்டுத்தாங்க போவோம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கஞ்சி குடிச்சுட்டு வந்தா வலி எங்கேருந்தும்மா வரும்? பித்தப்பையில கல் இருக்கலாம்னு எனக்குச் சந்தேகம். ஆனா வெறும் சந்தேகத்துக்காக வயித்தைக் கிழிக்க முடியாது. வலி இருக்கும்போது கொண்டாங்க" என்றார்.

நான் அண்ணியைப் பார்த்தேன். நாலு நாளைக்கு முன்னால் அடுப்படியில் அவள் சொன்னதும் இதுதானே! பெரிய படிப்புப் படித்தவர் சொன்ன பிறகுதான் என் மரமண்டைக்குள் ஏறியது. அவளோ என்னைக் குத்திக்காட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

வலி மூன்று மணி நேரம்தான் இருக்கும். எங்கள் ஊரிலிருந்து மாட்டு வண்டியில் அரியலூர் வந்து, ரயில் பிடித்துத் திருச்சி போய்ச் சேர ஒரு பகல் போய்விடும். வலியோடு எப்படிக் கொண்டுபோவது என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். அண்ணிதான் வழி சொன்னாள்.

"வலியத் தூக்கிட்டுப் போக முடியாது. கறியத் தூக்கிட்டுப் போலாம்."

அடுத்த வாரம் நான் பன்றிக்கறி சமைத்தேன். "கொழுப்புத் துண்டாப் பாத்துப் போடு" என்று அண்ணியே பக்கத்தில் நின்று சொன்னாள். சட்டி வாயைத் துணியால் வேடு கட்டி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருந்தேன். வழிநெடுக மசாலா வாசனை. எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "கல்யாணத்துக்கா போறீங்க?" என்று கேட்டாள். அண்ணி சிரித்துக்கொண்டே "ஆமா" என்றாள்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு வேப்பமரத்தடியில் இலை போட்டேன். முதல் கவளத்தைக் கையில் எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டாள்.

"பயமா இருக்குடி" என்றாள்.

அஞ்சு வருஷமாக அவள் எந்த வலியைக் கண்டு நடுங்கினாளோ, அந்த வலியை நாங்களே கூப்பிட்டு உட்கார வைக்கிறோம். ஒரு மனுஷிக்கு இந்த நிலைமை வரலாமா? நான் அழுதுகொண்டே பிசைந்து ஊட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. அண்ணனும் நானும் அவளைத் தாங்கிக்கொண்டு போனோம். டாக்டர் விலாவுக்குக் கீழே விரலை வைத்ததும் அவள் போட்ட அலறலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. நாலு பிரசவத்திலும் நாங்கள் கேட்காத சத்தம் அது. டாக்டர் சட்டென்று கையை எடுத்தார். "கல்தான். சந்தேகமே இல்ல. படுக்க வைங்க" என்றார்.

இந்தத் தடவை வலி மூன்று மணி நேரத்தில் நிற்கவில்லை. மறுநாள் குளிர்காய்ச்சல் வந்தது, கண் மஞ்சளானது. ஆபரேஷனுக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் பக்கம் கையை நீட்டினாள்.

"அமலோற்பம், இப்ப நம்புறியா?"

"நம்புறேன் அண்ணி, நம்புறேன்" என்று அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பித்தப்பை பழுத்து உடைந்திருந்ததாம். உள்ளே ஆறு கற்கள். அந்தக் கறிதான் உடைத்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். "பல வருஷத்து நோயம்மா. முன்னாடியே பாத்திருக்கணும்" என்றார். நான் கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குச் சோறு தண்ணீர் எதுவும் கொடுக்கக் கூடாது என்றார்கள். பஞ்சை நனைத்து உதட்டை ஈரப்படுத்தினேன். "மறுபடியும் ஒருசந்தி வெச்சுட்டியேடி" என்று மெதுவாகச் சிரித்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் போய்விட்டாள்.

அன்று காலையில் பஞ்சை நனைத்துக்கொண்டே, "வலிக்குதா அண்ணி?" என்று கேட்டேன்.

முந்தானை நுனி அவள் பல்லுக்கிடையில் இருந்தது. அதை எடுத்துவிட்டு, "வலிக்கலடி" என்றாள்.

அதை மட்டும் நான் நம்பவில்லை.